லாக்நார்மல் சோதனைக்கு லிப்ரேஆபிஸ் கால்க்: கிணற்று நீர்க் கணக்குக்குப் போதுமா?

டெல்டாவில் கிணற்று நீரின் குளோரைடையும் மின்கடத்துதிறனையும் அளப்பவர்கள், சராசரி போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த எண்கள் லாக்நார்மல் பரவலில், அதாவது மடக்கை எடுத்தால் மணி வடிவ இயல்நிலைப் பரவலாகும் பரவலில், அடங்குகின்றனவா? இலவசமாகக் கிடைக்கும் விரிதாள் மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க் அதற்குத் தாராளமாகப் போதும். தரவு அந்தப் பரவலில் அடங்கினால் புள்ளிகள் நேர்க்கோட்டில் விழும் நிகழ்தகவு வரைபடத்துக்கென்று தனிப் பொத்தான் மட்டும் அதில் கிடையாது. நெடுவரிசைகளை நாமேதான் போட வேண்டும்; ஒவ்வொரு படியும் கண்ணில் படுவதால் அதை ஒரு நன்மையாகவே சொல்வோம்.

20 கிணறுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் 1 முதல் 20 வரை வரிசை எண். இரண்டாவதில் 'ஸ்மால்' சார்பு கொண்டு சிறியதிலிருந்து பெரியதாக அளவுகள். 'ரேங்க்' சார்பு வேண்டாம். ஒரே அளவு இருமுறை வந்தால் இரண்டுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்துவிடும். மூன்றாவதில் இயல் மடக்கை. நான்காவதில் வரிசை எண்ணிலிருந்து 0.375 கழித்து, மொத்தத்தோடு 0.25 கூட்டி வகுத்தால் வரும் நிகழ்தகவு. ஐந்தாவதில் அதற்குரிய இசட் மதிப்பு (இயல்நிலைப் பரவலில் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கத் தூரம் என்பது), 'நார்ம்.எஸ்.இன்வ்' சார்பில். முதல் கிணற்றுக்கு 0.0309, அதாவது இசட் −1.87 வர வேண்டும். வராவிட்டால் சூத்திரத்தில் அடைப்புக்குறி தவறியிருக்கும்.

வரிசை எண்ணை மொத்தத்தால் நேராக வகுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடைசிக் கிணற்றுக்கு நிகழ்தகவு 1 ஆகி, சூத்திரம் பிழை காட்டும். மொத்தத்தோடு 1 கூட்டி வகுக்கும் முறை பிழை காட்டாது. ஆனால் முதல் புள்ளி −1.67-க்கு உள்ளே நகர்ந்துவிடும், கோட்டின் சாய்வு கூடிவிடும்.

வரைபடத்தில் 'எக்ஸ்ஒய் சிதறல்' வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'கோடு' வகை இசட் மதிப்புகளைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும், படமே பொய்யாகிவிடும். கிடையில் இசட், நிமிர்வில் மடக்கை. புள்ளிகளுக்குப் போக்குக்கோடு போடுங்கள். அதன் சாய்வு மடக்கையின் திட்ட விலக்கம். இசட் 0-வில் கோடு தொடும் மதிப்பின் அடுக்கேற்றம் (மடக்கையைத் திருப்பி எடுப்பது) இடைநிலை அளவு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் அளவு. சாய்வு 1 என்றால் சராசரி அந்த இடைநிலையைப் போல 1.65 மடங்கு. சராசரியை மட்டும் எழுதி வைத்தால் ஊர்த் தண்ணீர் உள்ளதைவிட உப்பாகத் தெரிவது இதனால்தான்.

இசட் மதிப்புக்கும் மடக்கைக்கும் 'கோரல்' சார்பு தரும் ஒட்டுறவு 20 புள்ளிகளுக்கு சுமார் 0.95-க்குக் கீழே போனால் லாக்நார்மல் என்று சொல்லத் தயங்க வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். இரு முனைகளும் கோட்டுக்குக் கீழே வளைந்தால் மடக்கையே தேவைப்படாத தரவாக இருக்கலாம். இரு முனைகளும் மேலே எழுந்தால் மடக்கை எடுத்த பிறகும் வலச்சாய்வு மிச்சம். அப்போது எல்லா அளவிலிருந்தும் ஒரு நிலையான எண்ணைக் கழித்துவிட்டு மறுபடி வரைந்து பார்க்கலாம். நடுவில் முழங்கை போல ஒடிந்தால் இரண்டு வகைத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். திருவையாற்றின் ஆற்றோரக் கிணறும் வேதாரண்யத்தின் கடலோரக் கிணறும் ஒரே தாளில் இருந்தால் அது ஒடியத்தான் செய்யும். பிரித்து இரண்டு படமாக வரையுங்கள்.

ஆய்வகக் கண்டறி எல்லைக்கு (ஆய்வகம் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு) கீழான அளவுகளுக்கு எல்லையில் பாதியை இட்டு நிரப்புவது பெரிய தவறு. இடது முனையில் தட்டையான படி விழும். அவற்றை வரிசையிலும் மொத்தத்திலும் எண்ணுங்கள், புள்ளியாக வைக்காதீர்கள். தினசரி மழைக்கும் இதே எச்சரிக்கை: பூஜ்ஜியத்துக்கு மடக்கை இல்லை. மழை பெய்த நாள்களை மட்டும் வரையலாம். 2.5 மி.மீ. என்ற மழைநாள் வரம்பில் வெட்டியிருந்தால் கீழ்முனை வளைவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எக்செலின் பின்னடைவுக் கருவியில் 'இயல்நிலை நிகழ்தகவு வரைபடம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது அச்சில் வைப்பது இசட் மதிப்பை அல்ல, வெறும் சதமானத்தை. சீரான பரவல்தான் அதில் நேர்க்கோடாக வரும்; இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள். குளோரைடு போன்ற பல அளவீடுகள், பல ஆண்டுகள் என்று படங்கள் பெருகினால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குப் போகலாம், ஒரே வரியில் படம் வந்துவிடும். அதில் 'க்யூக்யூலைன்' போடும் கோடு இரண்டு கால்மானப் புள்ளிகள் (தரவின் 25, 75 விழுக்காட்டு இடங்கள்) வழியாகப் போவது. கால்க்கின் போக்குக்கோட்டுச் சாய்வோடு அது ஒத்துவராததைப் பிழையென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.