மூன்று வாவி, ஒரு முழங்கால்

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் ஒரு வழக்கு நடந்து முடியாமல் உறுதியாகாது. இந்த முறை வழக்கு இதுதான்: கொழும்பில் ஆடிவேல் திருவிழா முடிந்து ஓகஸ்ட் விடுமுறையில் சுவிஸுக்குப் போனால், எந்த வாவிக்கரை முந்திரிகைத் தோட்டத்துக்குள் நடப்பது? (வெள்ளவத்தையில் வளர்ந்த என் மகள் இதை வாசித்தால் 'திராட்சை' என்று திருத்துவாள். உரும்பிராயில் பந்தலின் கீழ் நின்று குலை பறித்த அம்மாவுக்கு அது முந்திரிகைதான். கஜு வேறு, அது மரமுந்திரிகை.)

மூன்று வாவிக்கும் மூன்று வக்கீல்கள். லோசானில் இருக்கும் சித்தப்பாவின் மகன் ஜெனிவா வாவியோரத்து லவோவை விட்டு இறங்கமாட்டான். பேர்னில் இருக்கும் அக்கா பீல் வாவியின் பக்கம். ஜேர்மனியில் சிங்கன் நகரில் இருக்கும் என் கணவரின் நண்பர் கொன்ஸ்தான்ஸ் வாவிக்காகப் பேசுகிறார். நடக்கப்போவது நாங்கள் நான்கு பேர்: நான், கணவர், 13 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவின் இடது முழங்கால் ஏறும்போது ஒன்றும் சொல்லாது. இறங்கும்போதுதான் கத்தும். இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

லவோவின் பக்கம் நியாயம் அதிகம், அதை மறைக்க முடியாது. லோசானின் கிழக்கு எல்லையில் தொடங்கி ஷியோன் கோட்டைப் பக்கம் வரை சுமார் 30 கிலோமீற்றருக்கு, வாவியைப் பார்த்த சரிவு முழுவதும் படிப்படியாகக் கல்மதில் கட்டி எழுப்பிய தோட்டங்கள். 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் துறவி மடங்களின் கையில் இருந்த நிலம். மதில்களை நீட்டி அடுக்கினால் 400 கிலோமீற்றருக்கு மேல் வருமாம். மலையகத்தில் தேயிலைச் சரிவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் என்ன புதுமை என்று நானும் முதலில் நினைத்தேன். வேறுபாடு இதுதான்: நுவரெலியாவில் மண் தெரியும், இங்கே கல் தெரியும். அங்குள்ளவர்கள் 'மூன்று சூரியன்' என்று சொல்வார்கள். வானத்தில் ஒன்று, வாவியில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில் மதில் கக்குவது ஒன்று. ஷஸ்லா என்ற வெள்ளை முந்திரிகைக்கு அது அமிர்தம். ஓகஸ்ட் மத்தியானத்தில் அதற்குள் நடக்கும் மனிதருக்கு அது தோசைக்கல்.

தம்பி எடுத்ததெல்லாம் ஒரே ஆயுதம்: "யுனெஸ்கோ அக்கா, யுனெஸ்கோ!" 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது உண்மைதான். என்னை அசைத்தது அதற்கு 30 வருடம் முந்திய கதை. 1977இல் பிரான்ஸ் வேபர் என்ற சூழல் போராளி முன்னெடுத்த முயற்சியால், இந்தச் சரிவில் கண்டபடி கட்டடம் எழும்பக்கூடாது என்று லவோ இருக்கும் வோ மாநிலத்து மக்கள் வாக்குப் போட்டுத் தீர்மானித்தார்கள். கொழும்பு மரீன் டிரைவில் எங்கள் ஒழுங்கை முனையில் நின்றால் ஒரு காலத்தில் கடல் முழுதாகத் தெரியும். இப்போது இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு கீற்றுத் தெரிகிறது, அதுவும் யாருடையதோ துணிக்கொடி ஆடாத நேரத்தில். எங்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அதனால் லவோவை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

நடை என்று வரும்போதுதான் இடிக்கிறது. எல்லாரும் போகும் வழி சென்-சபோரினில் இருந்து ரிவா, எப்பேஸ், கூயி கிராமங்கள் வழியே லூத்ரி வரை, 11 கிலோமீற்றர் அளவில். மூன்றரை மணித்தியாலம் என்பார்கள், அது அவர்களுடைய கால்களுக்கு. பெரும்பகுதி தோட்ட வண்டிகளுக்காகப் போட்ட கொங்கிரீட் பாதை, நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் மேற்கு நோக்கி நடந்தால் வெயில் முதுகில், வாவி இடது கைப் பக்கம். ஆனால் மலைகள் பின்னால் போய்விடும். எதிர்ப்புறமாகக் கிழக்கே நடந்தால் மலைகள் முகத்துக்கு நேரே நிற்கும், காலை வெயிலும் நிற்கும். இரண்டில் எனக்கு முதலாவது போதும், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பியின் வலுவான வாதம் ரயில். வழிநெடுகக் கிராமத்துக்குக் கிராமம் நிலையம் இருக்கிறது, களைத்தால் இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்கிறான். அவன் வாயாலேயே வந்த சொல்தான் அவனைக் கவிழ்த்தது: இறங்கி. நிலையங்கள் வாவி மட்டத்தில், பாதையோ மேலே. இடைநடுவில் நடையை விடுவதென்றால் மதில்களுக்கு இடையே ஒடுங்கிய கற்படியால் இறங்கவேண்டும். அம்மாவுக்கு முடியாத ஒரே வேலை அது.

கொன்ஸ்தான்ஸ் நண்பர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "தட்டைப் பாதை, தங்கச்சி. அம்மா கைத்தடியும் இல்லாமல் நடப்பா." மேர்ஸ்பூர்க்கில் இருந்து ஹாக்னாவ் வரை வாவியை ஒட்டி 5 கிலோமீற்றருக்கு உட்பட்ட நடை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கொடிகள். வேண்டுமானால் மேலே தோட்டங்களுக்குள்ளால் போகும் பாதையும் உண்டு. கதைகளுக்கும் குறைவில்லை. 1881இல் ஹாக்னாவில் ஹைன்ரிஷ் ஹன்ஸ்யாக்கொப் என்ற பாதிரியார் தோட்டக்காரரைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். 1925இல் முல்லர்-துர்காவ் என்ற இனத்துக் கொடிகளை சுவிஸ் கரையில் இருந்து இரவில் படகில் கடத்திக்கொண்டு வந்தார்கள். கடத்தல் என்றால் பொன்னும் போதையும் என்று கேட்டுப் பழகிய எங்களுக்கு, கொடிக்கன்று கடத்தியவர்களைப் பிடித்துத்தான் போயிற்று.

ஆனால் பேர்னில் தங்கிக்கொண்டு இதற்குப் போய்வருவது ஒரு முழு நாளைத் தின்னும். ரயிலில் கொன்ஸ்தான்ஸுக்கே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு பஸ், பிறகு 15 நிமிடம் வாகனப்படகு. மேர்ஸ்பூர்க்கிலும் ஹாக்னாவிலும் ரயில் நிலையமே இல்லை, பஸ்ஸோ கப்பலோதான். அக்கரை ஜேர்மனி என்றாலும் விசாச் சிக்கல் இல்லை, ஷெங்கன் விசா ஒன்றே இரண்டுக்கும் செல்லும். கையில் பிராங்க் வைத்திருப்பவருக்கு ஜேர்மன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் மலிவாகத் தெரியும். ரூபாயில் கணக்குப் பார்க்கும் எங்களுக்கு எல்லாக் கரையும் ஒன்றுதான். நண்பர் வீட்டில் இரண்டு இரவு தங்குவதென்றால் இதுவே முதலிடம் பெற்றிருக்கும். அவர் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர்.

மிச்சம் அக்காவின் பீல் வாவி. சின்ன வாவி, சின்னப் பேர். கொழும்பில் யாரிடமாவது சொன்னால் "அது எங்கே?" என்பார்கள். பேர்னில் இருந்து பீலுக்கு அரை மணித்தியாலம். அங்கே ரயில் மாறினால் துவானும் லீகெர்ட்ஸும் பக்கத்திலேயே. வடமேற்குக் கரை முழுவதும் கொடிகள், நடுவே தோட்டப் பாதை. பீலில் இருந்து லா நெவெவில் வரை முழுதாக நடந்தால் அரை நாள் போய்விடும், நாங்கள் நடக்கப்போவது துவானில் இருந்து லீகெர்ட்ஸ் தேவாலயம் வரை மட்டும். கொடிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் தேவாலயம் அது. தூரத்துப் பனிமலைகள் தெளிந்த நாளில் மட்டும் தெரியும். லவோவின் பிரம்மாண்டத்தில் கால்வாசியும் இல்லை என்று தம்பி சொல்வது சரி.

இருந்தும் இரண்டு காரணங்களால் தராசு இந்தப் பக்கம் சாய்ந்தது. முதலாவது வெயில். இந்தக் கரை தென்கிழக்கைப் பார்த்தது, முதுகில் யூரா மலைத்தொடர். பின்னேரம் சூரியன் மலைக்குப் பின்னால் போகப் போகத் தோட்டங்களில் நிழல் விழும். வெளிச்சமோ போகாது. எங்களுக்கு ஆறரைக்கு இருட்டிவிடும், அங்கே ஓகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு 9 மணியாகும். நாலரைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினாலும் அவசரம் இல்லை.

இரண்டாவது காரணம்தான் வழக்கை முடித்தது. லீகெர்ட்ஸில் 1912இல் இருந்து ஒரு மலைரயில் ஓடுகிறது, கம்பியால் இழுத்து ஏற்றும் சின்ன வண்டி. வாவி மட்டத்தில் ஏறினால் கொடிகளுக்கு ஊடாகவே மேலே போகிறது, நடுவழியிலும் நிற்கிறது. அதாவது அம்மா விரும்பிய அளவு ஏறி நடக்கலாம், இறங்குவதை வண்டியிடம் விட்டுவிடலாம். தோட்டம், வாவி, கிராமம் எல்லாம் மூன்று இடத்திலும் உண்டு. முழங்காலைக் கேட்டுக் கட்டியதுபோல் ஒரு வசதி இங்கேதான்.

மகளுக்கு வேறு ஒரு காரணம் கிடைத்தது. கரையில் இருந்து கப்பலில் சென் பீற்றர் தீவுக்குப் போகலாம். 1765இல் தத்துவஞானி ரூசோ சில கிழமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம், தான் மிக மகிழ்ச்சியாக இருந்தது அங்கேதான் என்று பின்னர் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் யூரா அடிவாரத்தில் ஆரே ஆற்றைத் திருப்பி வெள்ளத்தைக் கட்டுப்படுத்தியபோது வாவியின் மட்டம் இரண்டு மீற்றருக்கு மேல் இறங்கியது. மூழ்கிக் கிடந்த நிலம் தலைகாட்டி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. தீவு என்ற பெயர் மட்டும் விடாமல் நிற்கிறது. கொழும்பில் கொம்பனித்தெருவை நெடுங்காலம் ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று அழைத்ததும் அப்படித்தானே?

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றிலும் வாவி மீன் பொரியல், மூன்றிலும் விலை கேட்டால் பசி போய்விடும். வைன் சுவைத்துப் பார்க்கும் நிலவறைகள் லவோவில் கூடுதல். கணவர் இந்தப் பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். அம்மாவுக்கு ஒரு முன்னறிவிப்பு: ஓகஸ்டில் குலைகள் காயாகத்தான் இருக்கும், அறுவடை செப்ரெம்பர் நடுவில் இருந்துதான். காயோ பழமோ, கை வைக்கக்கூடாது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. சுவிஸின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இராது, நேரம்தான் இருக்கும். கொழும்புக் கால்களுக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிராமங்களில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகள் உண்டு, குடிக்கக்கூடாது என்று எழுதியிராவிட்டால் போத்தலை நிரப்பலாம். செருப்போடு போகவேண்டாம். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 90 யூரோ, அத்தோடு குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி.

லவோவை முற்றாக விடவில்லை. பேர்னில் இருந்து லோசானுக்குப் போகும் ரயில் ஒரு குகையை விட்டு வெளியே வரும் இடத்தில், இடது பக்க ஜன்னலில் வாவியும் கொடிச்சரிவும் ஒரே மூச்சில் திறக்கும். அதைப் பார்த்தவர்கள் திரும்பிப் போகும் டிக்கெட்டை ஜன்னலால் எறிந்துவிடுவார்கள் என்று ஒரு பகிடி உண்டு. தம்பி வீட்டுக்குப் போகும் நாளில் இடப்பக்க இருக்கை பிடித்து அதைப் பார்ப்போம். பிறகு கூயியில் இருந்து வெவே வரை கப்பல். அதிர்ஷ்டம் இருந்தால் 1904இல் கட்டிய 'மொந்த்ரோ' போல ஒரு பழைய சக்கரக்கப்பல் வரும், மதில்களைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கலாம். வெவேயில் நெஸ்லேயின் தலைமையகம் இருக்கிறது, நெஸ்டமோல்ட் குடித்து வளர்ந்த குடும்பத்துக்கு அதுவும் ஒரு யாத்திரைதான்.

தீர்ப்பை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். வென்ற வக்கீல் கொஞ்சமாவது துள்ளுவாள் என்று பார்த்தால், வந்தது நடைக்குக் கட்டிக்கொண்டு போகும் பலகாரம் பற்றி ஒரு கேள்வி: "அப்ப றோல்ஸ் எத்தினை, மிதிவெடி எத்தினை? அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி எல்லே, அண்டைக்கு வேண்டாம்."