மேலாளரைப் படிக்க அனுப்பினேன்: சில வருடம் கழித்து ஒரு வரவு செலவு

எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் மேலாளரை 2021 ஜூலையில் ஒரு நிர்வாகப் படிப்பில் சேர்த்துவிட்டேன். வேலையில் இருப்பவர்களுக்கான பத்து மாதப் படிப்பு அது. சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு, இரண்டு தடவை சென்னைக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் 2,80,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 50,400. பல்லவன் ரயில் டிக்கெட், தங்கும் செலவு 24,000.

முதல் தலைவலி பில்லில் வந்தது. கல்வி நிறுவனம் அதை மேலாளர் பெயரில் போட்டுவிட்டது. எங்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் அந்த 50,400-ஐ நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் வரவு வைக்க முடியாது. ஒரு மாதம் விடாமல் கேட்டுத்தான் மாற்றி வாங்கினோம். பணம் கட்டும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். ஆக, நிகரச் செலவு 3,04,000.

சான்றிதழ் வந்த பிறகும் சில மாதம் எதுவும் மாறவில்லை. பயிற்சியை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படி சொல்லியிருக்கிறார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாறினாரா, தொழிலுக்குப் பலன் வந்ததா. சான்றிதழ் இரண்டாம் படியோடு நின்றுவிடும். பணம் கட்டியவருக்கு வேண்டியது நாலாவது.

அது எங்களுக்கு இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று உடைசல். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில் மேலாளர் சாக்பீஸால் கட்டம் போட்டார். வார்த்த கல்லைக் கண்ணாடித் தகட்டிலிருந்து பிரிக்கும்போது, தொட்டியில் இறக்கும்போது, வெயிலில் சாய்க்கும்போது, லாரியில் ஏற்றும்போது என்று ஒவ்வொரு உடைசலுக்கும் ஒரு கோடு. எட்டு வாரத்தில் லாரிக் கட்டம் நிரம்பி வழிந்தது. "ஆச்சி, கல்லுல குறை இல்ல, அடுக்குறதுலதான்" என்றார். வைக்கோலைக் கூட்டி, அடுக்கின் உயரத்தைக் குறைத்தோம். நூற்றுக்கு எட்டு உடைந்தது ஆறானது. வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் மிச்சம்.

இன்னொன்று பாக்கி வசூல். எங்கள் விற்பனை வருடத்துக்கு 2 கோடியே 40 லட்சம், அதாவது நாளைக்கு ஏறக்குறைய 65,700. சரக்கு போய்ப் பணம் வர சராசரி 74 நாள் ஆகிக்கொண்டிருந்தது. எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன் என்று எழுதிவைத்து, தாண்டினால் அடுத்த லோடு கிடையாது என்றார். எனக்குப் பயம்தான், பழைய வாடிக்கையாளர்கள் ஆயிற்றே. 2023 மார்ச்சில் 52 நாளுக்கு வந்தது. 22 நாள் குறைந்ததில் 14 லட்சத்துக்கு மேல் கைக்கு வந்தது. வங்கியில் தொழிலுக்கு எடுக்கும் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் 11 சதவீத வட்டிக்கு வருடம் 1,59,000 மிச்சம். இப்போது 41 நாள். இந்தக் கடைசி 11 நாளைப் படிப்பின் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராமல் வருடக் கடைசியிலும் பாக்கி வைத்த வியாபாரி அந்தத் தொகையை வருமான வரியில் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்ற 43பி(எச்) விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதன் புண்ணியம் அது.

அவருக்கு மாதம் 6,000 சம்பளம் கூட்டினேன், வருடம் 72,000. அதைக் கழித்தாலும் வருடத்துக்கு 2,87,000 நிற்கிறது. போட்ட பணம் 2024 நடுவிலேயே திரும்பிவிட்டது.

ஆள் போய்விட்டால்? இரண்டு வருடத்துக்குள் விலகினால் மீதி மாதங்களுக்கான கட்டணத்தைத் தர வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து அவரை அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது என் காகிதத்தின் கெடு முடிந்திருந்தது. கடன் கொடுப்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அவரிடமே விட்டிருந்தேன், அதனால் இருந்தார். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் பையனாகச் சேர்ந்து, உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர். கற்றுக்கொண்டவனுக்கு அடுத்த நாற்காலியைக் காட்டும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

அடுத்து கணக்குப் பார்க்கும் பெண்ணை ஏற்றுமதிப் படிப்புக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை பில் முதலிலிருந்தே பட்டறை பெயரில். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைய எண்களைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணே எழுதிவிட்டார்.