பிரெடிக்ட் பிரெஸ்ட்: கீமோவால் எவ்வளவு லாபம் என்று காட்டும் இலவசக் கணிப்பான்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி மருந்தைப் பற்றித்தான். ஹார்மோன் மாத்திரை போதுமா, கீமோவும் வேண்டுமா? இதற்கு எண்ணில் விடை காட்டும் இணையக் கருவி பிரெடிக்ட் பிரெஸ்ட். கேம்பிரிட்ஜில் உருவாகி 2010-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2024-ல். காசு இல்லை, பெயரும் கேட்காது. ஆங்கிலப் பக்கம்தான், ஆனாலும் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடும்.

நிரப்புவதில்தான் கோளாறெல்லாம். கட்டியின் அளவை மில்லிமீட்டரில் கேட்கும். நம் லேப்களோ 2.3 x 1.8 x 1.5 செ.மீ. என்று எழுதும். பெரிய எண்ணை மட்டும் எடுத்து 23 என்று போட வேண்டும். 2.3 என்று போட்டால் கடுகளவு கட்டி என்று நினைத்து, கீமோவே வேண்டாத மாதிரி காட்டிவிடும். அக்குள் நெறிகட்டி 2/14 என்றிருந்தால் போட வேண்டியது 2. 14 என்பது எடுத்துப் பார்த்த மொத்தம். கேஐ-67 (புற்றுசெல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று காட்டும் அளவு) பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பாசிட்டிவ். ஹெர்2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) '2+' என்றால் அது விடையே அல்ல, அதன் மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் முடியும்வரை காத்திருங்கள்.

நம் வேலூர்ப் பக்கம் அதிகம் தவறாகிற இடம் 'ஸ்கிரீனிங்கில் (அறிகுறி எதுவும் இல்லாதபோது செய்யும் சோதனையில்) கண்டுபிடித்ததா' என்ற கேள்வி. கையில் கட்டி தட்டுப்பட்டு, அதன் பிறகு மேமோகிராம் எடுத்திருந்தால் அது ஸ்கிரீனிங் ஆகாது. 'அறிகுறியால்' என்பதையே தட்டுங்கள். மாற்றித் தட்டினால் விடை உள்ளதைவிட நம்பிக்கையாக வரும். அடுத்தது மாதவிலக்கு. குடியாத்தம், ஆரணி பக்கக் கிராமங்களில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பார்க்கலாம். மாதவிலக்கு நின்றது என்பதாலேயே மெனோபாஸ் என்று போடக்கூடாது. சினைப்பை இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும். இந்த ஒரு விஷயம் மருந்தையே மாற்றும்: சினைப்பை இயங்கும்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் பலிக்காது. டாமாக்சிஃபென் என்ற வேறு ஹார்மோன் மாத்திரை 20 மி.கி. கொடுப்பார்கள், அல்லது சினைப்பையை அடக்க ஊசியும் சேர்ப்பார்கள்.

விடை வரும் விதம் நன்று. ஆபரேஷன் மட்டும் என்றால் பத்து வருடத்தில் நூறு பேரில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், ஹார்மோன் மாத்திரையால் கூடுதலாக எத்தனை பேர், கீமோவால் இன்னும் எத்தனை பேர் என்று அடுக்கிக் காட்டும். கீமோவின் பங்கு 3-க்குக் கீழே என்றால் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. 3 முதல் 5 வரை நோயாளியோடு பேசி முடிவெடுப்பார்கள். 5-க்கு மேல் போனால் கொடுப்பார்கள். நூறில் இரண்டு பேருக்காக முடி கொட்டுவதையும் காய்ச்சல் வந்தால் அட்மிஷனையும் ஏற்பதா என்பது அவரவர் மனசு. சிலருக்கு அந்த இரண்டும் பெரிசுதான்.

குறைகளும் உண்டு. உயிர்பிழைப்பை மட்டுமே சொல்லும், நோய் திரும்புவதைச் சொல்லாது. பெர்டுசுமாப், அபெமாசிக்லிப் போன்ற மருந்துகள் கணக்கில் இல்லை. இங்கிலாந்துப் பெண்களின் பதிவுகளை வைத்துக் கட்டியது. மலேசியாவில் சோதித்தபோது 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே நம்பிக்கை காட்டியது. கட்டி பெரிதாகி, ஆபரேஷனுக்கு முன்பே கீமோ போட்டவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. மருந்தை முழுதாக முடிப்பீர்கள் என்ற அனுமானமும் உள்ளே இருக்கிறது. டாமாக்சிஃபெனை உடம்புச் சூடு தாங்காமல் இரண்டாம் வருடமே நிறுத்தினால் அந்த எண் உங்களுக்கில்லை.

ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் கட்டி), ஹெர்2 நெகட்டிவ், நெறிகட்டியில் நோய் இல்லை, எண் மட்டும் 3-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது என்றால் ஆன்கோடைப் என்ற மரபணு டெஸ்ட் தெளிவாக்கும். 2018-ல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வின்படி, 50 வயதுக்கு மேற்பட்டு ஸ்கோர் 25 வரை உள்ளவர்களுக்குக் கீமோவால் லாபமில்லை. ஆனால் செலவு லட்சக்கணக்கில். பிரெடிக்ட்டில் எண் 1 என்று வந்தவர் அதற்குச் செலவழிக்கும் முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

ஊரில் நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்துகொண்டு மேல் சிகிச்சைக்கு வேலூர் சிஎம்சிக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வருபவர்கள், கணிப்பானின் பிரின்ட்டோடு கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபிலிருந்து கேட்டு வாங்கி வாருங்கள். ஹெர்2 பார்க்காமல் விட்டிருந்தால் அந்த பிளாக்கிலிருந்தே பார்த்துவிடலாம். அது தெரியாமல் கணிப்பான் தரும் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.