முதல் கில்ட்டுக்கு ஃபிளானலா, பாலி-விஸ்கோஸா?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டுக்கு முறையான துணி கம்பளிதான். தைத்துப் பழகும்போதே அந்த விலை கொடுக்க வேண்டாம்.

மலிவில் முதலில் கண்ணில் படுவது டார்டன் எனும் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட பருத்தி ஃபிளானல். மெத்தென்று இருக்கும், வெட்டித் தைக்கவும் சுலபம். ஆனால் கில்ட்டின் உயிரே பின்பக்க மடிப்புகள். ஃபிளானலில் இஸ்திரி போட்ட மடிப்பு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தாலே கலைந்துவிடும். துவைத்தால் சுருங்கவும் செய்யும். அச்சடித்த கட்டம் என்றால் இன்னும் மோசம்: பின்புறம் வெளுத்திருக்கும், நடக்கும்போது மடிப்பு விரிந்து அது அப்படியே தெரியும்.

பாலியஸ்டரும் விஸ்கோஸ் ரேயானும் கலந்த பாலி-விஸ்கோஸ் சற்றே விலை கூடுதல், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். சாயமேற்றிய நூலைச் சாய்வு நெசவில் நெய்வதால் இருபுறமும் ஒரே கட்டம். ஈரத்துணி விரித்து அழுத்தித் தேய்த்தால் மடிப்பு நிற்கும். சூடு மிஞ்சினால் மட்டும் பளபளப்புத் தட்டும். மெஷினில் துவைக்கலாம். கம்பளியின் கனம் வராது, சரி, முதல் கில்ட்டுக்கு அது பெரிய குறையில்லை.

அப்புறம், அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். 58 அங்குலம் என்றால் 4 கஜம் போதும். நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் கில்ட்டுக்கு வேண்டிய 8 கஜம் கிடைத்துவிடும். 44 அங்குல ஃபிளானலைப் பாதியாக்கினால் பலருக்கு முழங்கால்வரை எட்டாது.