வேலையை விட்டு ரெகுலரா, வேலையோடு கரஸ்ஸா?

சேலத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இந்த யோசனையோடு இருப்பவர்கள் நிறைய. லீ பஜாரில் கணக்கெழுதுகிறவர், கொண்டலாம்பட்டியில் ஜவுளி பேக்கிங்கைப் பார்த்துக்கொள்கிறவர், ஏற்காட்டு ரிசார்ட்டில் வரவேற்பில் நிற்கிறவர். சம்பளம் மாதாமாதம் வருகிறது, வேலையில் மனசு ஒட்டவில்லை. பிளஸ் டூவோடு நின்ற படிப்பை முடித்தால் என்ன என்று தோன்றுகிறது. வேலையை விட்டு ரெகுலரில் சேர்வதா, வேலையில் இருந்தபடியே கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், படிப்பதா என்ற இடத்தில் வந்து வருஷக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் படிப்பு என்று தெளிவானால் பாதி விடை வந்துவிடும். வேலை பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணம் என்றால் வேறு வேலை தேடுங்கள். அதற்கு மூன்று வருடமும் ஒரு டிகிரியும் செலவழிக்க வேண்டியதில்லை.

சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படித்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. வகுப்புக்கு நேரில் போக வேண்டும், வருகைப் பதிவு வேண்டும். நர்சிங்கும் அப்படித்தான். இவற்றில் உண்மையான ஆசை இருந்தால் வேலையை விடுவதுதான் வழி, அங்கே ஒப்பிடவே ஒன்றுமில்லை. பி.இ.யும் அஞ்சல் வழியில் கிடையாது. ஆனால் டிப்ளமோ முடித்தவர்களுக்கு நடுவில் ஒரு பாதை இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கான பகுதி நேர பி.இ. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் எந்தப் பிரிவுக்குச் சேர்க்கை என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு நேரம்தான் வேண்டும் என்றால் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஒரு வருடம் மிச்சம்.

பி.காம்., பி.ஏ. போன்ற படிப்புகளில்தான் உண்மையான குழப்பம். "கரஸ் டிகிரிக்கு மதிப்பில்லை" என்று டீக்கடையில் சொல்வதை நம்பி வேலையை விட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் தெளிவாகவே அறிவித்தது. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொன்று, பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி தமிழ்நாடு அரசு வேலைக்கும் எல்.எல்.பி. சேர்க்கைக்கும் உதவாது. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை வேண்டும்.

இனி பணம். மாதச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்தில் வராமல் போவது 6,48,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதானே என்று நினைக்கும்போது இந்தத் தொகையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வீட்டில் "நீ படி, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னாலும், ஓடிக்கொண்டிருக்கும் சீட்டை யார் கட்டுவது, நகைக்கடன் வட்டி யார் பொறுப்பு என்று ஒருநாள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் இரண்டாம் வருடம் அந்தப் பாரம் அம்மா தலையில்தான் விழும்.

கரஸ்ஸில் பணம் தப்பிக்கிறது, நேரம் மாட்டிக்கொள்கிறது. ஏற்காட்டு ஆட்களை நினைத்தால் எனக்கு இதுதான் முதலில் வருகிறது. நேர்முக வகுப்புகளைப் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வைப்பார்கள். மலையில் ரிசார்ட் வேலைக்குச் சனி, ஞாயிறுதான் உயிர்நாடி, அன்றைக்கு லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. மே மாதம் முழுக்கக் கோடை விழாக் கூட்டத்தில் நின்றுவிட்டு ஜூனில் பரீட்சை எழுதுவது எப்படி? டிசம்பர் கடைசியிலும் அறைகள் நிரம்பி வழியும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் வந்து, பரீட்சை எழுதி, இரவு டியூட்டிக்குத் திரும்பி ஏறுகிறவரிடம் "நேரத்தைச் சரியாகத் திட்டமிடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்படிப்பட்டவர் வேலையையே விடுவதற்கு முன், மலைக்குக் கீழே சேலத்தில் சனி, ஞாயிறு ஓய்வு கிடைக்கும் வேலைக்கு மாறிப் பார்க்கலாம். சம்பளம் இரண்டாயிரம், மூவாயிரம் குறைந்தாலும் சரி. மொத்தமாக இழப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வயதைப் பொறுத்தவரை இரண்டு வழியிலும் மூன்று வருடம்தான், ஆனால் கரஸ்ஸில் அது நீளும். இக்னோ பி.ஏ.வை ஆறு வருடம் வரை இழுக்க அனுமதிக்கிறது. அந்தச் சலுகையே பலரைக் கவிழ்க்கிறது. ஐபிபிஎஸ் வங்கி அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரைதான். ஓபிசிக்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு. இருபத்தேழில் சேர்ந்து அரியர் வைத்தால் அந்தக் கதவு கண்ணெதிரே மூடும்.

அப்படியானால் ரெகுலரில் என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆசிரியர், மதியம் முழுக்க உட்கார நூலகம், நாம் எழுதியதைத் திருத்தித் தருகிற ஒருவர். 1857-இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரியில் எத்தனை தலைமுறை அப்படிப் படித்து வந்திருக்கிறது! ஒரு பாடத்தை அதற்காகவே படிக்க விரும்புகிறவருக்கு, மேலே எம்.ஏ., ஆராய்ச்சி என்று போக நினைக்கிறவருக்கு, அந்த மூன்று வருடத்துக்கு ஈடு கிடையாது. அவர்கள் 6,48,000 ரூபாயைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அரசுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைச் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன் விளக்கக் குறிப்பேட்டில் அதைப் பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் தனியார் கல்லூரி, அதன் கட்டணம் என்று கணக்கே மாறிவிடும். அப்போது இளங்கலையைக் கரஸ்ஸில் முடித்து, முதுகலைக்கு மட்டும் வேலையை விட்டுப் பெரியார் பல்கலைக்கழகத்திலோ வேறு இடத்திலோ முழு நேரம் சேர்வது நல்ல ஏற்பாடு. சம்பளம் இல்லாத காலம் இரண்டு வருடமாகக் குறையும், ஆசையும் நிறைவேறும்.

விடுவது என்று முடிவானால் ராஜினாமாவை அவசரமாக நீட்டாதீர்கள். ஒரே இடத்தில் ஐந்து வருடம் நிறையப் போகிறது என்றால் அதுவரை பொறுங்கள். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை அப்போதுதான் வருகிறது. பி.எஃப். பணத்தை ஐந்து வருடப் பணிக்கு முன் எடுத்தால் வரியும் பிடிக்கலாம். சேர்க்கை உறுதியாகிக் கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீது கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். கிளம்பும்போது அனுபவச் சான்றிதழையும் ரிலீவிங் லெட்டரையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.