சேலத்து மரைன் மாணவர்களுக்கு எந்த ஆங்கில வகுப்பு?

சேலத்தில் மரைன் படிக்கிறவர்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது: ஊரில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, எஸ்எம்சிபி (கப்பலில் பேசுவதற்கென்றே வரையறுத்த ஆங்கில வாக்கியத் தொகுப்பு) வாக்கியங்களை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பு, கப்பல் வேலையையே பாடமாக்கும் வகுப்பு.

ஸ்போக்கன் வகுப்பு கூச்சத்தைப் போக்கும், அதோடு சரி. அங்கே மரியாதை என்று பழக்கும் 'மே', 'மைட்', 'குட்' (could) எல்லாம் வயர்லெஸ்ஸில் குழப்பம்தான். 'மே ஐ என்டர் தி ஃபேர்வே?' (கப்பல் தடத்துக்குள் வரலாமா?) என்று கேட்கக் கூடாது, 'கொஸ்டின். டூ ஐ ஹாவ் பெர்மிஷன் டு என்டர் தி ஃபேர்வே?' என்றுதான் கேட்க வேண்டும்.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட எஸ்எம்சிபியின் பலம், ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள் என்பது. 150 என்பதை 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். சுக்கானை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற உத்தரவில் மட்டும் 15 என்பது 'ஃபிஃப்டீன்'. இந்த விதிவிலக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மனப்பாடம் எங்கே கைவிடும்? 'டிட்ன்ட் யூ குளோஸ் தி வால்வ்?' என்று சீஃப் இன்ஜினியர் கேட்கிறார். நம் பிள்ளை 'வால்வை மூடலையா?' என்று தமிழில் யோசித்து, 'ஆமா, மூடலை' என்ற நினைப்பில் 'யெஸ்' என்கிறான். அவருக்கு அது 'மூடிவிட்டேன்'. இதற்கு மருந்தும் எஸ்எம்சிபியிலேயே இருக்கிறது: யெஸ், நோ என்று நிறுத்தாமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்வது. ஆனால் அச்சான வரியைப் படித்து இது வராது. எதிர்மறைக் கேள்வியாகவே போட்டுப் போட்டுப் பழக்க வேண்டும்.

அதனால் எங்கள் ஓட்டு மூன்றாவதற்கே. வேலையும் மாறிவிட்டது. எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) போன்ற எரிபொருளில் ஓடும் கப்பல்களுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பான ஐஜிஎஃப் கோட் 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பங்கரிங் (எரிபொருள் நிரப்பும்) செக்லிஸ்ட்டைப் புரிந்து படிக்க வேண்டும். துறைமுக ஆய்வாளர் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். உதிரிபாகம் கேட்டு மெயில் போட்டால் தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர், பார்ட் நம்பர், எண்ணிக்கை ஐந்தும் இருக்க வேண்டும்; ஒன்று விட்டாலும் தவறான பொருள் வந்து சேரலாம்.

இந்த வகுப்பின் குறை ஆசிரியர்தான். இன்ஜின் ரூம் தெரியாத ஆங்கில ஆசிரியர் தனியாக நடத்த முடியாது. லீவில் ஊருக்கு வரும் கப்பல் அதிகாரியை உட்காரவைத்து, ஆண்டுக்கொருமுறை பாடத்தைத் திருத்த வேண்டும்.

60 மணி நேரம் கிடைத்தால் 20 எஸ்எம்சிபிக்கு, 40 வேலைப் பாடத்துக்கு. கடல் தொலைவில் இருக்கும் ஊர் என்பதால், இரண்டு அறைக்கு நடுவே இன்டர்காம் வைத்து, இன்ஜின் இரைச்சலை ஓடவிட்டு, முகம் பார்க்காமல் பேசவிடுங்கள். கேட்டவர் உத்தரவைத் திருப்பிச் சொன்னால்தான் மதிப்பெண்.