பின்பால் ரப்பர் வளையங்கள்: ஸ்பிரிட்டா, சோப்புத் தண்ணீரா, ஒயிட் பெட்ரோலா?

பின்பால் மெஷினில் ஃபிளிப்பர் (பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் துடுப்பு) அடித்த பந்து குறி வைத்த இடத்துக்குப் போகாமல் வழுக்கிக்கொண்டு ஓரமாக ஓடினால் பலரும் அதை இயக்கும் மின்சுருளான காயிலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மை மாதிரி கருப்பு ஒட்டினால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

பின்பால் பந்து 80 கிராம் எஃகு உருண்டை, விட்டம் 27 மி.மீ. ஃபிளிப்பர், பந்தை உதைத்துத் தள்ளும் ஸ்லிங்ஷாட் முக்கோணம், சின்னக் கம்பங்கள் என்று அது ஓயாமல் மோதுவது ரப்பரில். மாடலைப் பொறுத்து ஒரு மெஷினில் 20 முதல் 50 வளையங்கள் வரை இருக்கும். காயிலுக்குள் பிளஞ்சர் என்ற இரும்புத்தண்டு உராய்ந்து உதிரும் உலோகத்தூள், பழைய மெழுகு, ரப்பரே தேய்ந்து விழும் பொடி, இந்த மூன்றும் கலந்ததுதான் அந்தக் கருப்பு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதோடு செம்மண்ணும் சேரும். மேலே கண்ணாடி மூடியிருந்தாலும் பெட்டிக்குள் காற்றுப் புகும் சந்துகள் உண்டு. வளவு (நடு முற்றம்) திறந்திருக்கும் வீட்டில் ஆடிக் காற்று அடித்தால் உள்ளே செந்தூள் படியும். அதிலிருக்கும் நுண்மணல் வளையத்தில் ஒட்டிக்கொண்டு, பந்து மோதும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அதனால் இங்கே ரப்பரைத் துடைப்பதை அழகு வேலையாக நினைக்கக் கூடாது.

கழற்றும்போதே தரம் பிரியுங்கள்

எந்த முறையானாலும் வளையத்தைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். மெஷினில் இருக்கும்போதே துடைத்தால் அழுக்கு கம்பத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். தண்ணீர் சொட்டினால் விளையாட்டுப் பலகையின் மரம் ஊறிப் பெயின்ட் உப்பும். பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடியை உருவி, பந்தை வெளியே எடுத்த பிறகு, போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மெஷின்களில் நட்டுகள் இஞ்ச் அளவில் இருக்கும். பிளாஸ்டிக் தகடுகளைப் பிடிக்கும் நட்டுக்கு 11/32 இஞ்ச் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். 9 மி.மீ. ஸ்பேனரால் சமாளிக்கப் பார்த்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

கழற்றியதை அடுக்கி வைக்கப் பல்லாங்குழிப் பலகையைவிட வசதியானது கிடையாது. இடப்பக்கத்து வளையங்களையும் நட்டுகளையும் ஒரு வரிசையின் ஏழு குழிகளில், வலப்பக்கத்தவற்றை எதிர் வரிசையில், ஃபிளிப்பர் பக்கமிருந்து மேலே போகும் ஒழுங்கிலேயே போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

அடுத்து ஒவ்வொன்றையும் ஒன்றரை மடங்கு இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வற்றிப்போன கண்மாய்த் தரை மாதிரி குறுக்கு வெடிப்பு தெரிந்தால் கழுவிப் பயனில்லை. இழுத்துக் கட்டிய இயற்கை ரப்பரைக் காற்றிலிருக்கும் ஓசோன் இழுவைக்குக் குறுக்காக வெட்டும். வெயிலும் சூடும் அதை விரைவுபடுத்தும். எந்தத் திரவமும் அந்த வெட்டை மூடாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும் வளையமும், பிசுபிசுக்கும் வளையமும் குப்பைக்குத்தான். மீதியைத்தான் கீழே சொல்லும் முறைகளுக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்பிரிட்: பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும்

ஸ்பிரிட் என்று இங்கே சொல்வது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை. செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது இதுதான். ஐ.பி.ஏ. என்று கேட்டால் புரியும். 99 சதவீதம் நல்லது. ஒரு மெஷினுக்கு 100 மி.லி. தாராளம்.

பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, நனையும் அளவு மட்டும் ஸ்பிரிட் விடுங்கள். வளையத்தைத் துணிக்குள் கவ்விப் பிடித்து, மறு கையால் சுற்றிச் சுற்றி இழுங்கள். முதல் சுற்றில் துணி கரியாக வரும். இடம் மாற்றி மடித்து இரண்டாம் சுற்று, அப்போது சாம்பல் நிறம். வெள்ளை வளையம் என்றால் மூன்றாவது சுற்றில் துணி ஏறக்குறைய வெளுப்பாகவே இருக்கும். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி இன்னொரு முறை. பத்து நிமிடம் காற்றில் கிடந்தால் மாட்டிவிடலாம்.

கருப்பு வளையத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் நிறமே கார்பன் தூள் என்பதால் எத்தனை முறை துடைத்தாலும் துணி கருத்துக்கொண்டேதான் இருக்கும். மேற்பரப்பின் பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிடிப்பு திரும்பியதற்கு அந்த மங்கல்தான் அடையாளம்.

பெயரில் ஸ்பிரிட் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. சர்ஜிக்கல் ஸ்பிரிட் சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். கை கழுவும் ஜெல்லில் கிளிசரின் இருக்கும். இரண்டும் காய்ந்த பிறகு மெல்லிய வழுக்கலை விட்டுவிடும். தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போட ஆசாரி வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்திருந்தால் அதையும் தொடாதீர்கள். எந்த ஸ்பிரிட்டும் பழைய விளையாட்டுப் பலகையின் வார்னிஷிலோ, அச்சிட்ட பிளாஸ்டிக்கிலோ படக் கூடாது. மை கரையும், பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு விழும்.

சோப்புத் தண்ணீர்: மெதுவானது, ஆபத்தில்லாதது

வளையம் நிறைய இருந்தால், அழுக்கில் செம்மண் அதிகமாக இருந்தால் இதுதான் முந்தும். ஸ்பிரிட் துணி மண்ணை ரப்பர் மேலேயே இழுத்துத் தேய்க்கும்; தண்ணீர் மண்ணைக் கழற்றி அடியில் படிய வைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். பத்து நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் ஃபிளிப்பரில் பந்து மீன் மாதிரி நழுவும்.

சீயக்காய் வேண்டாம், தூளின் சக்கை வளையத்தில் ஒட்டும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அழுக்கை எடுக்கும், ஆனால் அதன் பழுப்பு வெள்ளை ரப்பரில் ஏற வாய்ப்பு உண்டு.

சோப்பு முறையின் பலவீனம் காய வைப்பதில் இருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று வளவு வெயிலில் வடகம் மாதிரி பரப்பினால், காப்பாற்ற நினைத்த ரப்பரை வெயிலுக்குக் கொடுத்ததாகிவிடும். நிழலில் துணி மேல் ஓர் இரவு கிடக்கட்டும். உள் விளிம்பில் ஈரம் இருந்தபடியே மாட்டினால் கம்பத்தின் திருகு துருப்பிடிக்கும், அடுத்த முறை கழற்றும்போது உடையும். மெழுகும் பழைய பிசுக்கும் சோப்புக்கு முழுதாக மசியாது. காய்ந்த பிறகு ஸ்பிரிட் துணியால் ஒரு சுற்று போட வேண்டியிருக்கும்.

ஒயிட் பெட்ரோல்: கடைசி ஆயுதம்

லைட்டரில் ஊற்றும் நாஃப்தா வகை. மெழுகு, கோந்து, பந்து இழுத்துவிட்ட கருங்கோடு ஆகியவற்றை இது ஒரே இழுப்பில் எடுக்கும். வேகத்தில் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இயற்கை ரப்பர் இதை உறிஞ்சி உப்பும். ஆவியானதும் பழைய அளவுக்குச் சுருங்கும் என்றாலும், ரப்பரை வெடிப்பிலிருந்து காக்கச் சேர்த்திருக்கும் பொருட்களில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு போகும். ஊற வைக்கவே கூடாது. கறை உள்ள இடத்தில் மட்டும் ஐந்தாறு நொடி துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். பங்க் பெட்ரோல் இதற்கு மாற்றாகாது, அதில் கலந்திருப்பவை பின்னால் தங்கிவிடும். மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், அதுவரை ரப்பர் உப்பியே கிடக்கும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

துடைத்த பிறகு பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ டயர் பாலிஷோ தடவும் வழக்கம் ஒன்று உண்டு. மலேயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த நகரத்தார் சீமையில் இதைச் சொல்லத் தேவையில்லை: இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. உப்பும், தளரும், தூசியை அள்ளி ஒட்டிக்கொள்ளும்.

ஃபிளிப்பர் ரப்பர் தனி

எந்த முறையிலும் முழுதாகத் திருந்தாதது இது. பந்து அடிபடும் இடத்தில் மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். அங்கே மெலமைன் ஸ்பான்ஜை நனைத்துப் பிழிந்து ஐந்தாறு இழுப்பு தேய்த்தால் அந்தத் தோல் போய்ப் புது ரப்பர் தெரியும். பிறகு வெள்ளைப் பொடி போகத் துடைக்க வேண்டும். இந்த ஸ்பான்ஜ் நுண்ணிய உப்புத்தாள்தான் என்பதால் விளையாட்டுப் பலகைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

அதற்கும் முன்னால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. வளையத்தைக் கால் சுற்று நகர்த்தி, மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். அடிபடாத பகுதி முன்னால் வந்துவிடும். அதுவும் முடிந்த பிறகு புதிது வாங்குவதுதான் சரி. மூன்று இஞ்ச் ஃபிளிப்பருக்கு ஒன்றரை இஞ்ச் விட்டமும் அரை இஞ்ச் அகலமும் உள்ள வளையம் பொருந்தும்.

புதிது போடுவதானால்

வெள்ளை இயற்கை ரப்பருக்குத் துள்ளல் அதிகம், அழுக்கு உடனே தெரியும். கருப்பு கொஞ்சம் கடினம், துள்ளல் குறைவு, கரித்தூள் உதிர்க்கும். சிலிகான் வளையம் விலை கூடியது. ஆனால் ஓசோனும் வெயிலும் அதை வெட்டாது, பொடி உதிராது, சோப்புத் தண்ணீரே போதும். செட்டிநாட்டு வெயிலுக்குக் கம்பங்களில் சிலிகான் போடுவது நியாயமான செலவு. அதன் எதிரி கூர்முனை. மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் கீறினால் அந்தக் கீறலிலிருந்தே கிழிந்துகொண்டு போகும். ஒயிட் பெட்ரோலில் இயற்கை ரப்பரைப் போலவே இதுவும் நன்றாக உப்பும்.

சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக்குவது கைவசம் இருக்கும் யோசனை. டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். அது காற்றைப் பிடித்து வைக்கும், அடியை விழுங்கிவிடும். பந்து மோதினால் செத்தது போலத் திரும்பும். மோட்டார் கடையின் கருப்பு ஓ-ரிங் பெரும்பாலும் நைட்ரைல், அதுவும் இயற்கை ரப்பர் போலத் துள்ளாது. ஓரத்தில் பந்து அரிதாகத் தொடும் கம்பத்துக்குத் தற்காலிகமாக ஆகும், ஸ்லிங்ஷாட்டுக்கு ஆகாது.

திரும்ப மாட்டும்போது

சுத்தமான வளையத்தை அழுக்குக் கம்பத்தில் மாட்டினால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகும். கம்பத்தின் பள்ளங்களைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள். பந்தை வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள். துருப்புள்ளியோ சொரசொரப்போ இருந்தால் பந்தை மாற்றுங்கள், ரப்பரையும் பலகையையும் அரைப்பது அதுதான்.

அதிகம் தவறு நடப்பது ஸ்லிங்ஷாட்டில். வளையத்துக்குப் பின்னால் இரண்டு இலை சுவிட்சுகள் (மெல்லிய உலோக இலைகள் ஒன்றையொன்று தொட்டால் சேர்பவை) நிற்கும். கழுவிய வளையம் தளர்ந்திருந்தால் பந்து பட்டும் சுவிட்ச் சேராது, உதையும் வராது. அளவு சிறிய புது வளையத்தைப் போட்டால் அது சுவிட்சை அழுத்தியபடியே நிற்கும். பந்து இல்லாமலே கிக்கர் (உதைக்கும் கை) படபடவென்று அடிக்கும், விட்டால் காயில் சூடேறி எரியும். வளையம் மாட்டியதும் இலையை மெதுவாக வளைத்து, ரப்பரைத் தொடாமல், ஆனால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகாமல் நிறுத்துங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, வளையத்தின் நடுவில் விரலால் தட்டினால் ஒரு தட்டுக்கு ஓர் உதை வர வேண்டும்.

மிஞ்சிய புது வளையங்களை இழுக்காமல், முகப்பவுடர் தூவி, மூடும் டப்பாவில் போட்டு இரண்டாங்கட்டின் இருட்டு அறையில் வையுங்கள். மாட்டும் நாளில் பவுடரை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.